ஒட்டினால் ரிஜெக்ட்

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள் பாத்திரம் வாங்கத் தனியாகப் போவதில்லை. பதினோராம் மாடி ஜெகதீஸ்வரி அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் கைப்பையில் குடை இருக்கிறதோ இல்லையோ, வட்டமாக, கறுப்பாக ஒரு காந்தம் இருக்கும். பாயான் லெப்பாசில் ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த காலத்தில், ஓரம் உடைந்து வெளியே தூக்கிப் போட்ட காந்தம் அது.

தொழிற்சாலையில் அவருக்குச் சோதனைப் பிரிவு. முன்னால் வரும் பொருளை எடுத்து, திருப்பிப் பார்த்து, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் வைக்க வேண்டும். நல்லதற்குப் ‘பாஸ்’, கெட்டதற்கு ‘ரிஜெக்ட்’. இந்த வேலையை அவர் மிகவும் விரும்பிச் செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பாசாரில் கத்தரிக்காய், கோயிலில் வடை, தொலைக்காட்சியில் பாட வருகிற பிள்ளைகள் என்று எல்லாரும் எல்லாமும் அவர் கையில் பாஸ் ஆக வேண்டும். அவருடைய கணவர் மோகனராஜ் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயைத் திறக்காமலே பாஸ் ஆகிவிடலாம் என்று கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்ட மனிதர்.

காந்த விஷயத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. புதுக்குடித்தனத்தில் அக்கா ஆசையாக வாங்கிய பளபளப்பான கெண்டி ஒன்று சில மாதங்களிலேயே உள்ளே செம்மண் நிறமாகிவிட்டது. இரும்புத் தகட்டுக்கு மேலே மெல்லிய பூச்சுப் பூசி எவர்சில்வர் என்று விற்றிருக்கிறார்கள். தொழிற்சாலைக் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டியது. மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த குடத்தில் வைத்துப் பார்த்தார்; ஒட்டவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் எவர்சில்வர்.

அந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவர் மார்க்கெட் ஸ்திரீட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அலாவுதீன். சாந்தமான மனிதர். அக்கா தெருமுனையில் திரும்புவது தெரிந்தாலே, காந்தம் ஒட்டும் சாமான்களைக் கல்லாவுக்குக் கீழே தள்ளி, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டு மூடிவிடுவார். ஒளித்து வைப்பதே திருட்டுக்கு அடையாளம் என்று அக்கா எங்களிடம் சொல்லுவார்.

ஒரு சனிக்கிழமை அவரால் ஒளிக்க முடியவில்லை. பாகான் டாலாமிலிருந்து ரமணி என்கிற அம்மாள் மகளுடைய கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்தார். அக்காவுக்கு ஒருவகையில் சொந்தம்; அவரையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். குடும்பமே நின்று பொறுக்கி, பால் பானை, சாஸ்பன், இட்லிக் கொப்பரை என்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்திருந்தது. கட்டிக் கொடுக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அப்போது வந்து சேர்ந்த அக்கா காந்தத்தை எடுத்துப் பால் பானையின் வயிற்றில் வைத்தார். ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தார். காந்தம் அப்படியே தொங்கியது.

குடும்பமே பானையைச் சுற்றிக் குனிந்து பார்த்தது.

“ரமணி, இது ரிஜெக்ட்,” என்றார் அக்கா.

அலாவுதீன் எழுந்து வந்தார். “அக்கா, ஒட்டினா என்னா? இதுவும் ஸ்டென்லெஸ்தான். நிக்கல் போடாத வகை. ரெண்டு வகையும் நான் விக்கிறேன், ரெண்டுக்கும் ஜாமின் கொடுக்கிறேன்.”

“பொய்யிலயும் ரெண்டு வகை இருக்கு பாய். தெரிஞ்சு சொல்றது, தெரியாம சொல்றது. நீங்க எதுன்னு நான் கேக்கல.”

ரமணியின் குடும்பம் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு, வேறு கடைக்குப் போய், காந்தம் ஒட்டாத செட்டாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனது. அலாவுதீன் கோபப்படவில்லை. பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, இந்த அம்மாவுக்கு என்றைக்காவது ஒரு நாள் தெரியும் என்று மனைவி சித்தி ஆயிஷாவிடம் சொன்னாராம். தெரிய வேண்டாம், நம் கடைக்கு வராமல் இருந்தால் போதும் என்பது சித்தி ஆயிஷாவின் கருத்து.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் லிப்ட் கெட்டது. எங்கள் லிப்ட் கெடுவது புதிதல்ல. இந்த முறை கெட்டதோடு சரி, எழுந்திருக்கவே இல்லை. சமையல் கேஸ் தோம்பைச் சுமந்துவந்து போடுகிறவர் ஐந்தாம் மாடிவரை வந்து, உட்கார்ந்து, இதற்கு மேல் தன் முதுகு வராது என்று சொல்லிவிட்டார். கோலாலம்பூரில் இருக்கும் மகள் காமினி இதைக் கேள்விப்பட்டு, அம்மாவுக்கு ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி அனுப்பினாள். மின்சாரத்தில் ஓடும், தீ இல்லை, தோம்பு இல்லை, படி ஏற யாரும் வேண்டாம். கொண்டுவந்த பையன் மட்டும் ஏறினான், பாவம்.

அக்கா அதைத் துடைத்து, பொட்டு வைத்து, மேலே தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினார். அடுப்பு ‘பீப், பீப்’ என்று கத்திவிட்டு அணைந்துபோனது. வேறு பாத்திரம் வைத்தார். அதற்கும் கத்தியது. சாஸ்பன், பால் குண்டான், மாமியார் குடம்வரைக்கும் வைத்துப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கச் சோதித்துச் சோதித்துச் சேர்த்த பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மேலே ஏற, அடுப்பு ஒவ்வொன்றையும் பார்த்துக் கத்தி அணைந்தது. வீட்டுக்கு வீடு கேட்டது அந்தச் சத்தம். மோகனராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு பதினொரு மாடி இறங்கி, தே தாரே பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு பதினொரு மாடி ஏறி வந்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதையும் சுட வைக்க முடியவில்லை.

அடுப்பு ரிஜெக்ட் என்று அக்கா முடிவு கட்டினார். மறுநாள் அதை ஒரு பையில் தூக்கிக்கொண்டு, சாட்சிக்குத் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல பாத்திரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, கொம்தார் பக்கத்தில் இருக்கும் மின்சாமான் கடைக்குப் போனார். அங்கே நூர் ஃபாத்திஹா என்று நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்திய ஒரு பெண் இருந்தாள். அக்கா மலாயில் முழுக் கதையையும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்துக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த அன்னாசிப்பழப் பொம்மைக் காந்தத்தை எடுத்து, அக்காவின் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள். அன்னாசிப்பழம் கீழே விழுந்தது.

மக்சிக் என்று அத்தை முறை சொல்லி அழைத்து, அடுப்பில் கோளாறு இல்லை, பாத்திரம்தான் சரியில்லை என்றாள் அவள். காந்தம் ஒட்டினால்தான் இந்த அடுப்புக்கு ஆகும்; ஒட்டாவிட்டால் ஆகாது. சொன்னதோடு நிற்காமல், கடையில் இருந்த ஒரு பானையில் அன்னாசிப்பழத்தை ஒட்டவைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, அக்காவின் அடுப்பிலேயே கொதிக்கவும் வைத்துக் காட்டினாள். நாம் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டது.

அக்கா நன்றி சொன்னாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். தான் ஊருக்கெல்லாம் சொன்ன வாக்கியத்தை அந்தப் பெண் தலைகீழாகத் திருப்பி, அதே நம்பிக்கையோடு, அதே குரலில் சொல்லிவிட்டாள். அதுதான் அவரை என்னமோ செய்தது. வீட்டுக்குப் போகும் பேருந்து வந்தது; ஏறவில்லை. படகுத்துறைக்குப் போகும் பேருந்தில் ஏறினார். பெர்ரி பிடித்துக் கடல் தாண்டி அக்கரைக்குப் போய், மாக் மண்டினில் தம்பி குணாளன் வேலை செய்யும் பட்டறை வாசலில் அடுப்பும் பாத்திரமுமாகப் போய் நின்றார்.

குணாளன் சாப்பாட்டுக் கடைகளுக்கு எவர்சில்வர் மேசை, தண்ணீர்த் தொட்டி, புகைக்கூண்டு எல்லாம் வெட்டி வளைத்துச் செய்கிறவர். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு முன்னால் சிரித்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும் என்பதால், இரண்டு தகடுகளை எடுக்கப் போகிற சாக்கில் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இரண்டு தகடும் ஒரே மாதிரி மின்னின. அக்கா காந்தத்தை வைத்தார். ஒன்றில் ஒட்டியது, ஒன்றில் வழுக்கியது.

“இதுல எது எவர்சில்வர், சொல்லு.”

“ரெண்டும்தான்,” என்றார் குணாளன். “நீ வச்சிருக்கிறது முந்நூத்தி நாலு. நூறு பங்குல பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல், மிச்சம் இரும்பு. காந்தம் ஒட்டுதே, இது நானூத்தி முப்பது. ஃபெரிட்டிக்குன்னு சொல்லுவோம். குரோமியம் பதினாறுலேருந்து பதினெட்டு. கரி பேருக்கு ஒரு துளி. நிக்கல் இல்லேன்னே வச்சுக்க. மிச்சம் எல்லாம் இரும்பு.”

“ரெண்டுலயும் இரும்புதான் கூடன்னு சொல்றியா?”

“ஆமா லா. சோத்துல அரிசி இல்லாமலா?”

பிறகு அவர் விளக்கினார். துருப் பிடிக்காமல் காப்பது குரோமியத்தின் வேலை. காற்றுப் பட்டதும் தகட்டின் மேல் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் போட்டுக்கொள்ளும். கீறினாலும் காற்று பட்டால் தானே மூடிக்கொள்ளும். அது இரண்டு தகட்டிலும் உண்டு. இரும்புக்குள்ளே அணுக்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வரிசை அப்படியே இருந்தால் காந்தம் இழுக்கும். நிக்கலைப் போதுமான அளவு சேர்த்தால் அணுக்கள் இடம் மாறி வேறு வரிசையில் உட்காரும்; அப்போது காந்தத்துக்கு அது பிடிகொடுக்காது. இண்டக்‌ஷன் அடுப்பு நெருப்பால் சுடுவதில்லை. உள்ளே இருக்கும் சுருள் மாறி மாறிக் காந்தமாகி, மேலே இருக்கிற பாத்திரத்தின் அடியையே சூடேற்றுகிறது. காந்தத்துக்குப் பிடிகொடுக்காத பாத்திரத்தை அது பாத்திரமாகவே மதிக்காது. ஒட்டுகிற தகட்டில் சூடு சற்று வேகமாகவே பரவும். சூட்டில் அது அவ்வளவாக விரிந்து கோணாது.

அக்கா விடவில்லை. இந்த ஒட்டுகிற தகட்டை நம்பி யார் பொருள் செய்கிறார்கள் என்று கேட்டார். குணாளன் பட்டறைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு அவரைக் கூட்டிப்போய், மேசையில் இருந்த கரண்டியைக் காட்டினார். காந்தம் ஒட்டியது. அந்தக் கரண்டியில் ஊரே சாப்பிடுகிறது. ஒருவரும் துருவைத் தின்றதாகச் சொன்னதில்லை. பிறகு குணாளன் கொஞ்சம் குறும்பாக, அக்கா கொண்டுவந்த நல்ல பாத்திரத்தின் மடித்த விளிம்பில் காந்தத்தை வைத்தார். மிக லேசாக, வெட்கப்படுவது போல, அது இழுத்தது.

அக்கா பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

அது ஒன்றும் இல்லை, வளைத்து அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அப்படி ஆகும் என்று குணாளன் சமாதானம் சொன்னார். ஒட்டுகிற வகைக்கும் குறை உண்டு, உப்பையும் புளிப்பையும் அதில் ஊறப்போடக் கூடாது, கடற்காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் கறை விழும் என்றும் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அதற்குள் பெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு, சுழலும் தொட்டியில் காந்தத்தை வைத்தார். ஒட்டியது. காமினி பள்ளியில் படிக்கும்போது வாங்கிய இயந்திரம். தினமும் தண்ணீரில் கிடந்தும் ஒரு புள்ளித் துரு இல்லை. அன்று ராத்திரி அக்கா அதிகம் பேசவில்லை. மோகனராஜுக்குப் பயமாகிவிட்டதாம்.

மறுநாள் காலை மார்க்கெட் ஸ்திரீட்டில் அலாவுதீன் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா தெருமுனையில் திரும்பினார். அலாவுதீனுக்குக் கை தானாக வேலை செய்தது. ஒட்டும் பானைகள் எல்லாம் கல்லாவுக்குக் கீழே போயின. செய்தித்தாள் மூடிக்கொண்டது.

அக்கா உள்ளே வந்து அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். “பாய், அந்த ஒட்டற பானை எல்லாம் எங்க?”

“என்னாக்கா, அதெல்லாம் இப்ப வக்கிறதே இல்ல.”

“ஒண்ணுகூடவா இல்ல?”

“நீங்க சொன்ன பெறகு நான் அத வப்பேனா?”

அக்கா குனிந்தார். செய்தித்தாளுக்கு வெளியே ஒரு பானையின் காது நீட்டிக்கொண்டிருந்தது. அலாவுதீன் கண்ணை மூடிக்கொண்டார். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். இன்னொரு வியாபாரம் போனது என்றுதான் நினைத்தார். அக்கா பானையை வெளியே இழுத்து, காந்தத்தை வைத்து, ஒட்டியதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

“இது நல்ல பானை. நான்தான் தெரியாம தப்பா சொல்லிட்டேன். பாய் சொன்னதுதான் சரி,” என்றார். சொல்லி முடித்ததும் முகம் சிவந்துவிட்டது. “எனக்கு இதுல ரெண்டு கட்டுங்க.”

அலாவுதீன் செய்தித்தாளை எடுத்து மடித்து வைத்தார். பிறகு சித்தி ஆயிஷாவைக் கூப்பிட்டு, அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அக்கா அடுப்புக் கதையை முழுவதும் சொன்னார். அன்னாசிப்பழம் விழுந்ததைக்கூட விடவில்லை. சித்தி ஆயிஷா முதலில் விறைப்பாகத்தான் நின்றார். மாமியார் குடத்தையும் அடுப்பில் ஏற்றிய இடம் வந்தபோது அவராலும் முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் அலாவுதீன் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் ஜெகதீஸ்வரி அக்காவுக்கு அரைகுறையாக எதையும் நம்பத் தெரியாது. புதுச் சட்டம் போட்டுவிட்டார். ஒட்டினால் பாஸ், ஒட்டாவிட்டால் ரிஜெக்ட். லிப்ட் ஓடாத எங்கள் மாடிகளில் எல்லா வீட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பு வந்துகொண்டிருந்த நேரம் அது. அக்கா வீடு வீடாகப் போய்க் காந்தம் வைத்தார். ஒட்டாத பாத்திரங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குரோமியம் போதும், நிக்கல் எல்லாம் வீண் ஆடம்பரம் என்று லிப்ட் ரிப்பேருக்கு வந்த ஆட்களிடம்கூடச் சொன்னார். எங்கள் பிளாக்கிலிருந்து அலாவுதீன் கடைக்குப் போன அத்தனை பேரும் ஆளுக்கொரு காந்தத்தோடு போனார்கள். ஒட்டுகிற சாமான் வந்த வேகத்தில் தீர்ந்தது. கனமான, நல்ல, முந்நூற்று நாலாம் வகை அண்டாக்கள் சீந்துவாரில்லாமல் உட்கார்ந்திருந்தன.

ஒரு நாள் அலாவுதீன் கையைக் கூப்பிவிட்டார். “அக்கா, முன்ன பாதிக் கடைய மூடுனீங்க. இப்ப மறுபாதிய மூடுறீங்க. நான் எங்கதான் உக்கார்றது?”

அக்கா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவரை நிறுத்தியது மாங்காய். கீழ்வீட்டில் கொடுத்த கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உப்புப் போட்டு, புதுப் பானையில் ஊறவைத்து, பால்கனியில் மூடி வைத்தார். எங்கள் பால்கனிகளில் அடிப்பது கடற்காற்று. சில நாள் கழித்து மாங்காயை எடுத்துவிட்டுப் பானையைக் கழுவினால், உள்ளே உப்புத் தண்ணீர் நின்ற மட்டத்தில் கடுகு தாளித்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள். இரும்புக் கம்பிச் சுருளை எடுத்துத் தேய்த்தார். அது இருந்த தோலையும் கீறி, தன் இரும்பையும் கொஞ்சம் அங்கே விட்டுவிட்டுப் போனது. மறுநாள் புள்ளிகள் கூடியிருந்தன.

குணாளனைத் தொலைபேசியில் பிடித்து, நீ ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று சண்டை பிடித்தார். சொன்னேனே அக்கா, நீதான் பெர்ரிக்கு ஓடினாய் என்றார் அவர். உப்புத் தண்ணீர் ஊறினால் அந்தத் தோல் அங்கங்கே ஓட்டையாகும்; நிக்கல் வகை அதைவிடச் சற்றுத் தாங்கும், அதுவும் எத்தனை நாளும் தாங்கும் என்று சொல்ல முடியாது; உப்பு மாங்காய்க்கு ஜாடி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றார். அக்கா அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

பிறகு நெடுநேரம் அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அன்று அவர் வீட்டுக்கு மிளகாய்த்தூள் இரவல் வாங்கப் போனவள், அவரை அப்படிப் பார்த்துத் திகைத்துப்போனேன். பானை ரிஜெக்டா அக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். பால் காய்ச்ச நல்ல பானைதான். இதில் மாங்காய் போட்டவள் புத்திதான் சரியில்லை என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு தீர்ப்பு வந்து நான் கேட்டதில்லை. மோகனராஜ் செய்தித்தாளைத் தாழ்த்தி ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

திடீரென்று அவருக்கு ரமணியின் ஞாபகம் வந்தது. தான் சொன்னதைக் கேட்டுத்தானே அந்தக் குடும்பம் எடுத்து வைத்ததை எல்லாம் விட்டுவிட்டுப் போனது, அந்தக் கல்யாணப் பெண் இப்போது எதில் சமைக்கிறாளோ என்றார். ரமணிக்குத் தொலைபேசலாமே என்றேன். முகத்துக்கு நேரே சொன்ன தப்பை முகத்துக்கு நேரேதான் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே அலாவுதீன் கடைக்குப் போனார். இந்த முறை காந்தத்தை எடுக்கவில்லை. ரமணி அன்றைக்குத் தேர்ந்தெடுத்த பால் பானை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அதே வகையில் ஒன்று இருந்தது. எதற்கு என்று தெரிந்ததும் அலாவுதீன், நானும் வருகிறேன் அக்கா, என் கடையில் நடந்ததுதானே என்று வேனை எடுத்தார். சித்தி ஆயிஷாவும் ஏறிக்கொண்டார். என்ன நடக்கும் என்று பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

பாலத்தைத் தாண்டி பாகான் டாலாமுக்குப் போகும்வரை அக்கா பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் மறந்துவிட்டது. ரமணி கதவைத் திறந்ததும், பானையை நீட்டி, “இது பாஸ், நான்தான் ரிஜெக்ட்,” என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

ரமணி விழித்தார். பின்னால் அலாவுதீனைப் பார்த்ததும் புரிந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். மகள் போன இடம் ஜுரு பக்கத்தில் புது வீடு. அங்கே இருப்பதும் இண்டக்‌ஷன் அடுப்புதான். சீர்ப் பாத்திரம் ஒன்றுகூட அதில் வேலை செய்யவில்லை. மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் அடுப்பையே ஆளுக்கொரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

“பொண்ணு இப்ப என்னாதான் செய்யுது?” என்று அக்கா பயந்துகொண்டே கேட்டார்.

“குண்டான்ல பூச்செடி வச்சிருக்கா. இட்லிக் கொப்பரையில வெங்காயம் போட்டு வச்சிருக்கா. மத்ததுல பாதி கண்ணாடி அலமாரியில நிக்குது, பாக்க அழகாத்தான் இருக்கு,” என்றார் ரமணி. பிறகு, “இன்னொரு அடுப்பு கேஸ்ல வாங்கிட்டாக்கா. மிச்சப் பாத்திரத்த வச்சு அதுல நல்லாவே சமைக்கிறா. நீங்க அழாதீங்க,” என்றார்.

அழவில்லை என்று அக்கா பிற்பாடு எங்களிடம் அடித்துச் சொன்னார். கண்ணில் தூசி விழுந்ததைப் பார்த்ததாக அலாவுதீனும் சொன்னார். சித்தி ஆயிஷா அன்றிலிருந்து அக்காவை ‘ஜெகா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு அக்காவுடன் பாத்திரம் வாங்கப் போனால் வேறு மாதிரி இருக்கும். முதலில் கேள்விகள். உங்கள் வீட்டில் என்ன அடுப்பு? இதில் பாலா, புளிக்குழம்பா? சமைத்ததை அப்போதே எடுத்துவிடுவீர்களா, இல்லை மறுநாள்வரை பானையிலேயே விட்டுவைக்கிற சோம்பேறியா? பதிலைப் பார்த்துத்தான் அலமாரிப் பக்கம் கையை நீட்டுவார். சில பேருக்கு இந்தக் கேள்விகளைவிடக் காந்தமே தேவலை என்று இருந்தது. ஒரு நாள் அலாவுதீன், வெளியே ஒட்டுகிற வகை, உள்ளே ஒட்டாத வகை, நடுவில் அலுமினியம் என்று மூன்றையும் சேர்த்து அடி போட்ட பானை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அக்கா வெளியே வைத்துப் பார்த்தார், உள்ளே வைத்துப் பார்த்தார். உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு. இந்தப் பானையை அரசியலுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு எங்கள் அடுக்குமாடி ஆட்கள் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் முதன்முறையாகத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். பாத்திரப் பொறுப்பு யாருக்கு என்று ஒருவரும் கேட்கவே இல்லை. மோருக்கும் புளிச்சோற்றுக்கும் அக்கா நிக்கல் வகை அண்டாக்களை எடுக்கச் சொன்னார். பால் காய்ச்சும் பானைகளும் பரிமாறும் தட்டுகளும் ஒட்டுகிற வகை. வேலை முடிந்ததும் உப்புப் போகக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும் என்று கட்டளை. அலாவுதீன் தன் வேனிலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கிக் கொடுத்தார். குணாளன் அக்கரையிலிருந்து வந்து, ஆடிய மேசைக் காலைச் சரிசெய்தார்.

காலையிலிருந்து கூட்டம். காவடிகள் போயின, பால்குடங்கள் போயின, தேங்காய் உடைக்கிற சத்தம் காதைப் பிளந்தது. அக்கா முழங்கால் வலியோடு நின்றுகொண்டே மோர் ஊற்றினார். ஒரு சீனப் பெரியவர் மோரைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று குவளையை நீட்டினார். மதியம் தாண்டி கூட்டம் ஓய்ந்தபோது, மோகனராஜ் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் வைத்து, தோளைத் தொட்டு உட்கார வைத்தார். தட்டு நிறையப் புளிச்சோறும் ஓர் அப்பளமும் கொடுத்தார். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் சாலையோரத் திண்டில் உட்கார்ந்தார்.

“நல்லாருக்கு,” என்றார்.

அக்கா வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினார். இருவரும் ரதம் வருகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.